பால் பொங்காத குடில்

தும்பிமலைக் கோடை முகாமின் மூன்றாம் குடில் இருந்த இடத்தை விட்டுக் கிளம்பிய அன்று புயல் இல்லை, மழை இல்லை, நிலம் அதிரவில்லை, ஒரு காக்காய்கூட அதிகப்படியாகக் கத்தவில்லை. பங்குனி வெயில் எப்போதும்போலச் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது, ஜன்னலுக்குக் கொண்டி மாட்டவேண்டும் என்று திண்டுக்கல்லில் முதல் பஸ்ஸைப் பிடித்து மலையேறி வந்த இஞ்சினியர் வான்மதி, கல் அடித்தளமும் மங்களூர் ஓட்டுக் கூரையுமாகத் தன் கையால் வரைந்து தன் கண்முன்னால் கட்டி நிறுத்திய அந்தக் குடில், பலாமரத்துக்குக் கிழக்கே இருக்கவேண்டியது, பலாமரத்துக்கு மேற்கே நிற்பதைப் பார்த்தாள். மேஸ்திரி ஒச்சப்பன் அதன் நிழலில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் தள்ளிப் போயிருக்குதும்மா," என்றார்.

வான்மதி குடிலைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பழைய இடத்தில் போய்ப் பார்த்தால் அஸ்திவாரம் தோண்டிய தடமே இல்லை, புல் அப்படியே மூடிக் கிடக்கிறது, அதன் மேல் ஒரு ஆடு வேறு படுத்திருக்கிறது. அஸ்திவாரமும் சுவரோடு சேர்ந்தே கிளம்பிப் போயிருக்கிறது என்று புரிந்தது. பையிலிருந்து வரைபடத்தை எடுத்து நேராகப் பிடித்துப் பார்த்தாள், தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தாள், இரண்டுக்கும் குடில் ஒத்துவரவில்லை. அப்புறம் கொண்டியை மாட்டினாள். வந்த வேலையை விட்டுவிட முடியுமா?

அந்த வாரத்துக்குள் மற்ற ஐந்து குடில்களும் கிளம்பிவிட்டன. கால் முளைக்கவில்லை, சக்கரம் முளைக்கவில்லை. மேய்ச்சலுக்குப் போன மாடு தலை நிமிராமல் நகர்ந்துகொண்டே போகுமே, அப்படி ஒரு நகர்வு. உள்ளே டம்ளரில் தண்ணீர் வைத்தால் தளும்பாது. உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் நகர்வது தெரியும், நமக்கு வேலை வெட்டி இருக்கிறது என்று ஒரு வாய் டீ குடித்துவிட்டுத் திரும்பினால் இன்னொரு இடத்தில் நிற்கும்.

வான்மதியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நாற்பது வயசு, காலில் சக்கரம் கட்டினவள் என்று அவள் அம்மாவே சொல்லுவாள். ஊரார் வீடெல்லாம் ஓட்டை ஒழுக்கல் இல்லாமல் கட்டிக் கொடுப்பாள், தான் மட்டும் ஒரு வீட்டில் பதினோரு மாசத்துக்கு மேல் தரித்ததில்லை. வாடகை ஒப்பந்தத்தைத்தான் பதினோரு மாசத்துக்கு எழுதுகிறார்களே, அது முடிகிற சமயம் வீட்டுக்காரர் புதுப்பிக்கலாமா என்று வாயெடுப்பதற்குள் இவள் சாவியை நீட்டிவிடுவாள். ஒரு வீட்டில் தண்ணீர் உப்பு என்பாள், ஒரு வீட்டில் வெளிச்சம் போதாது என்பாள், ஒரு வீட்டில் பக்கத்துப் போர்ஷன்காரி அதிகம் கேள்வி கேட்கிறாள் என்பாள். அட்டைப்பெட்டிகளில் கட்டிய சாமான் கட்டியபடியே வீடு வீடாகப் போகும், எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்பதே அவளுக்கு மறந்து போயிருந்தது.

கணவன் சுதாகர் மஸ்கட்டில் இருந்தான், இருவரும் பிரிந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. மகள் சஹானா நாமக்கல் பக்கம் ஒரு ஹாஸ்டலில் தங்கி எட்டாம் வகுப்பு படித்தாள். கட்டுமானம் கட்டுமானமாக அலைகிற அம்மா பெண்ணை எங்கே வைத்துக்கொள்வாள் என்று ஊரும் கேட்டது, வான்மதியும் அதையே தனக்குச் சொல்லிக்கொண்டாள். இப்போது சுதாகர், ஜூன் மாசம் முதல் பெண் என்னோடு இருக்கட்டும், அங்கே நல்ல பள்ளிக்கூடம் பார்த்துவிட்டேன் என்று கேட்டிருந்தான். சண்டை போடவில்லை, முறையாகத்தான் கேட்டான். கோடை விடுமுறையில் பத்து நாள் தும்பிமலை முகாமுக்கு வரட்டும், அம்மாவோடு இருந்து பார்க்கட்டும், பிறகு அவளே சொல்லட்டும் என்று பேச்சு முடிந்திருந்தது. முகாம் நடக்காவிட்டால் அந்தப் பத்து நாளும் இல்லை. பெண் ஹாஸ்டலிலிருந்து நேராக விமானம் ஏறிவிடுவாள். வான்மதிக்கு இந்த ஆறு குடில்களும் அப்படிப்பட்ட குடில்கள்.

குடில்களை வரைய ஆரம்பித்தபோதே அவள் மகளுக்குப் போன் போட்டு, உனக்கு ஒரு ரூம் கட்டினால் அதில் என்ன வேண்டும் என்று கேட்டாள். ஹாஸ்டலில் சஹானாவின் கட்டிலுக்கு நேரே இருந்த ஜன்னலைத் திறந்தால் மெஸ்ஸின் பின்சுவர், கரி படிந்த சுவர், மூன்று வருஷமாக அதே சுவர். "தெனமும் ஒரே சுவத்தைக் காட்டாத ஜன்னல் வேணும்மா," என்றாள் சஹானா. வான்மதி அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். முகாமில் முன்பு இருந்த குடில்கள் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டவை, வெயிலில் கொதிக்கும், மழையில் பேச்சு கேட்காது, எலிப்பொந்து அளவுக்கு ஒரு ஜன்னல். புதுக் குடில் ஒவ்வொன்றுக்கும் அவள் ஒரு பெரிய ஜன்னல் வைத்தாள், அதையும் கட்டில் உயரத்துக்கு இறக்கி வைத்தாள், படுத்திருக்கிற பிள்ளை கண்ணைத் திறந்தால் தலையணையிலிருந்தே பள்ளத்தாக்கு தெரியவேண்டும் என்று. கம்பி இடைவெளிக்காக ஒச்சப்பனோடு இரண்டு நாள் மல்லுக்கட்டினாள். குடில்கள் எழும்பி நின்றபோது, பொய் சொல்லக்கூடாது, அழகாகத்தான் இருந்தன.

இப்போது அந்த அழகுகள் மலையெல்லாம் சுற்ற ஆரம்பித்துவிட்டன. வான்மதிக்கு நிற்க நேரமில்லை, உட்கார நேரமில்லை. காலையில் வந்து இறங்கியதும் ஒவ்வொரு குடிலும் எங்கே இருக்கிறது என்று தேடிப் போவாள், கல்லில் சிவப்புப் பெயின்ட் அடித்து அடையாளம் வைப்பாள், மறுநாள் கல் இருக்கும், குடில் இருக்காது. அடித்தளத்தில் இரும்புக் கம்பி இறக்கினாள், கம்பியோடு போயிற்று. ஐந்தாம் குடிலைச் சங்கிலி போட்டுப் பலாமரத்தில் கட்டினாள். அது மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து சங்கிலி முழுவதும் சுருண்டு போய், முளையில் கட்டிய கன்றுக்குட்டி மாதிரி மரத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றது. ஒச்சப்பன் மனசு கேட்காமல் அவிழ்த்துவிட்டார். வான்மதி அவரைத் திட்டினாள், திட்டிவிட்டு அவளும் ஒரு பெருமூச்சு விட்டாள். அவிழ்த்துவிட்டபோது அவளுக்கும்தான் நிம்மதியாக இருந்தது.

மலைக்காரர்களுக்கு ஆச்சரியப்பட எங்கே நேரம்? முதல் இரண்டு நாள் வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்தார்கள், மூன்றாம் நாள் காரியத்தில் இறங்கிவிட்டார்கள். ஆட்டுக்காரப் பெண்கள் குடில் வாசல் தூணில் ஆட்டைக் கட்டிவிட்டு மிளகுத் தோட்டத்து வேலைக்குப் போனார்கள், குடில் நகர நகர ஆடு புதுப்புல் மேய்ந்தது, முளையை மாற்றி மாற்றி அடிக்கிற வேலை மிச்சம். குடில் படிக்கட்டில் மிளகாய் காயப்போட்டார்கள். நிழல் விழுகிற இடத்தில் குடில் நிற்காது என்று கண்டுகொண்டார்கள். நாலாம் குடில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் வாசலுக்கு வந்து சேர்ந்தபோது வெயிலில் நின்ற ஜனம் முழுவதும் அதற்குள் ஏறி உட்கார்ந்து பிரசங்கம் கேட்டது, பிரசங்கம் நீண்டுபோனதால் பாதியிலேயே குடில் அவர்களோடு நகர்ந்து ஓடைப்பக்கம் போய்விட்டது, யாரும் இறங்கவில்லை என்பதைச் சாமியார் மனசில் வைத்துக்கொண்டார். தலையாரி எந்தக் குடில் எந்த சர்வே நம்பரில் நிற்கிறது என்று எழுதிக்கொண்டு போனவர், ஒரு வாரத்தில் பேனாவை மூடிவிட்டார். காப்புக்காட்டு எல்லைக்குள் இரண்டாம் குடில் புகுந்தபோது வனக்காவலர் வழக்குப் போட வந்தார். யார் மேல் போடுவது என்று தெரியாமல் கம்பை ஓங்கி "ஹை, ஹை" என்றார், குடில் திரும்பி வெளியே போயிற்று, அவரும் டீ குடிக்கப் போனார்.

முகாமை நடத்தும் அறக்கட்டளைக்காரர்கள்தான் கையைப் பிசைந்தார்கள். செயலாளர் ஜெயசிங், ஓய்வுபெற்ற டிரில் வாத்தியார், விசில் ஊதி ஊதியே குரல் கட்டிப்போனவர். பொருளாளர் அறிவுக்கரசு, ஆயுசில் எந்தச் சாமிக்கும் கை குவிக்காதவர். இரண்டு பேரும் சிறுவயசிலிருந்து சிநேகிதர்கள், ஒருத்தர் மனசு நோக இன்னொருத்தர் நடக்கமாட்டார். சித்திரை முடிவதற்குள் குடில்கள் நிலைக்கு வராவிட்டால் முகாமை ரத்து செய்துவிடுவது என்று அவர்கள் கூட்டம் போட்டுத் தீர்மானித்தார்கள். இன்று இருக்கிற இடத்தில் நாளை இல்லாத கூரைக்குக் கீழே எந்தத் தகப்பன் பிள்ளையைப் படுக்கவிடுவான் என்று ஜெயசிங் கேட்டார். வான்மதி, சித்திரை முடிய இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று விரல்விட்டு எண்ணினாள்.

அந்தக் கூட்டத்தில்தான் ஒச்சப்பன், சம்பந்தமில்லாததுபோல, குடில்களுக்கு ஒன்றுமே செய்யாமல் விட்டுவிட்டோமே என்று இழுத்தார். உண்மைதான். கடைக்கால் போட்ட அன்று ஒச்சப்பன் மஞ்சளும் நவதானியமும் வைத்திருந்தார். ஆனால் செயலாளர் கிறிஸ்தவர், பொருளாளர் நாத்திகர், அவர்கள் முகம் சுளிக்கக்கூடாதே என்று மடியிலேயே முடிந்து வைத்துக்கொண்டார். ஜெயசிங்குக்கு ஒரு ஜெபம் செய்யவேண்டும் என்று இருந்தது. அறிவுக்கரசு சங்கடப்படுவாரே என்று வாயை மூடிக்கொண்டார். அறிவுக்கரசுக்கு சடங்கு எதுவும் கூடாது என்றுதான் கொள்கை, ஆனாலும் மற்ற இரண்டு பேரும் ஏதாவது செய்துகொள்ளட்டும் என்று நாசூக்காகத் தள்ளிப்போய் நின்றார். அவர் கோபித்துக்கொண்டார் என்று இவர்கள் இரண்டு பேரும் நினைத்துக்கொண்டார்கள். கடைசியில் எல்லாரும் வான்மதியைப் பார்த்தார்கள், அவள் எப்போதும் சொல்வதைச் சொன்னாள், "உங்க இஷ்டம்." ஆளுக்கொரு பன்னீர் சோடா குடித்துவிட்டுக் கலைந்தார்கள். இப்படி மரியாதையிலேயே ஆறு குடில்களும் ஒரு சொட்டுப் பால் காய்ச்சாமல், இதுதான் உன் இடம், நாங்கள்தான் உனக்குள் இருக்கப்போகிறவர்கள் என்று ஒரு வார்த்தை கேட்காமல், எழும்பி நின்றுவிட்டன.

அப்படியும் யாரும் உடனே போய்ப் பால் காய்ச்சவில்லை. மறுபடி ஒருத்தருக்கொருத்தர் மரியாதை வந்துவிட்டது. விஷயத்தை உடைத்தது பஸ் நிறுத்தத்து டீக்கடை முத்துப்பேச்சி, அதுவும் தெரிந்து செய்யவில்லை. ஒருநாள் மத்தியானம் கோடைமழை பிடித்துக்கொண்டது, தார்ப்பாய் கிழிந்து அடுப்பில் தண்ணீர் கொட்டியது, அந்நேரம் பார்த்து ஒன்றாம் குடில் கடைக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. அவள் அடுப்பையும் பால் சட்டியையும் தூக்கிக்கொண்டு அதற்குள் ஏறிவிட்டாள். நனைந்து வந்தவர்கள் கடை எங்கே என்று கேட்டதற்கு, பொழுது சாயுற வரைக்கும் இதுதான் என் கடை, வேற போக்கிடம் ஏது என்று எரிச்சலில் சொன்னாள், சொல்லி வாய் மூடவில்லை, பால் பொங்கி அடுப்பு முழுவதும் வழிந்தது. குடில் நின்றது. பொழுது சாயும்வரை அசையவே இல்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவள் சட்டியைக் கழுவிக் கவிழ்த்ததும் மெதுவாக நகர ஆரம்பித்தது.

இதைக் கேட்டு முதலில் ஓடி வந்தவர் அறிவுக்கரசுதான். இது சடங்கு இல்லை, பரிசோதனை என்று எல்லாருக்கும் சத்தமாக அறிவித்துவிட்டு, ஆவின் பால் வாங்கிக்கொண்டு குடில் குடிலாக ஏறினார். ஒரு மணி நேரம் இருப்பேன் என்று மனசாரச் சொல்லிக் காய்ச்சினார், பால் பொங்கியது, குடில் ஒரு மணி நேரம் நின்றது. ஒரு வாரம் இருப்பேன் என்று சும்மா சொல்லிக் காய்ச்சினார், பால் பொங்கவே இல்லை, ஆடை கட்டிக்கொண்டு கிடந்தது, குடில் அவர் குடையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. ஆகமொத்தம் சட்டம் இதுதான்: உள்ளே இருக்கப்போகிறவர் எத்தனை நாள் என்று சொல்லிப் பால் காய்ச்சவேண்டும், சொன்னது மனசிலும் இருந்தால் பால் பொங்கும், பொங்கினால் குடில் அத்தனை நாள் நிற்கும். ஜெயசிங் பக்கத்தில் நின்று கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டார், ஒச்சப்பன் நிலைக்கு மஞ்சள் தடவிக்கொண்டார், அறிவுக்கரசு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார், மூன்று பேருக்கும் திருப்தி. முகாம் உண்டு என்று முடிவானது. வான்மதி பலாமரத்துக்குப் பின்னால் போய் நின்று ஒரு மூச்சு அழுதுவிட்டு வந்தாள்.

முகாமுக்குப் பிள்ளைகள் வந்து இறங்கிய அன்று ஐந்து குடில்களிலும் ஐந்து அடுப்புகள் எரிந்தன. பத்து நாள் இருப்போம் என்று பிள்ளைகள் கோரஸாகக் கத்தினார்கள், பிள்ளைகள் கத்துவதில் பொய் ஏது, ஐந்து சட்டியிலும் பால் பொங்கி வழிந்தது, ஐந்து குடில்களும் அதது நின்ற இடத்தில், ஒன்று ஓடைக்கரையில், ஒன்று மாதா கோயில் வாசலில், ஒன்று பஞ்சாயத்து ஆபீஸை மறைத்துக்கொண்டு என்று நிலைகொண்டுவிட்டன. சோற்றுக்கு மணி அடித்தால் ஐந்து திசையிலிருந்தும் தட்டைத் தட்டிக்கொண்டு பிள்ளைகள் ஓடி வந்தார்கள்.

ஆறாம் குடில் எல்லாவற்றிலும் சின்னது, முகாம் ஆட்கள் தங்குவதற்கென்று கட்டியது. அதை வான்மதிக்கும் சஹானாவுக்கும் கொடுத்திருந்தார்கள். சஹானா உயரமாகிவிட்டிருந்தாள், பேச்சு குறைந்திருந்தது, பையைத் தோளிலிருந்து இறக்காமலே உள்ளே சுற்றிப் பார்த்தாள். வான்மதி அடுப்பை மூட்டி, பாலை வைத்து, பத்து நாள் இருப்போம் என்றாள். காத்திருந்தாள். பால் கொதித்தது, சுருங்கியது, ஆடை கட்டியது, ஆனால் எழும்பவில்லை. மறுபடி ஊற்றி மறுபடி சொன்னாள். சட்டி அடிப்பிடித்ததுதான் மிச்சம். வாசலில் நின்ற முத்துப்பேச்சி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். பெற்ற மகளோடு பத்து நாள் இருப்பதற்கு இந்தம்மாவுக்கு மனசு வரவில்லையா என்று அவள் வெளியே போய்ச் சொல்லாமல் இருந்திருப்பாளா என்ன. வான்மதிக்கு வெட்கமாகப் போய்விட்டது. மனசு இல்லாமல் இல்லை. பத்து நாள் என்று சொல்லும்போதே பதினோராம் நாள் கண்முன்னால் வந்து நிற்கிறது, அதைப் பார்த்ததும் உடம்பு ஓடத் தயாராகிவிடுகிறது. இத்தனை வருஷமாகப் பழகிய உடம்பு.

ஆறாம் குடில் நடந்தது. சஹானாவுக்கு அது பிடித்துப்போயிற்று. காலையில் கண்ணைத் திறந்தால் ஜன்னலில் ஓடை, மறுநாள் யாரோ ஒருத்தர் வீட்டுக் கோழிக்கூண்டு, அதற்கு மறுநாள் மேகம் மட்டும். அம்மா அவள் கேட்டதைக் கட்டிக்கொடுத்துவிட்டாள் என்று அவளுக்குச் சந்தோஷம்தான், அதை ஒரு தடவை சொல்லவும் செய்தாள். அம்மாவும் மகளும் நகர்கிற குடிலில் சமைத்தார்கள், நகர்கிற குடிலில் துணி துவைத்தார்கள், துவைத்த துணி கொடியில் கிடந்தபடியே மலையைச் சுற்றி வந்தது. சஹானா ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒன்று கேட்டாள், இன்று மத்தியானம் என்ன சமைக்கலாம், நான் முடியை வெட்டிக்கொள்ளட்டுமா, அப்பாவுக்கு இன்றைக்குப் போன் போடட்டுமா, நாளைக்குப் போடட்டுமா. வான்மதி ஒவ்வொன்றுக்கும் "உன் இஷ்டம்டா" என்றாள். பெண்ணை எந்தப் பக்கமும் இழுக்கக்கூடாது என்று அவள் விரதமே எடுத்திருந்தாள். அதை நியாயம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். நாட்கள் குறையக் குறைய குடிலின் நடை வேகமானது, உள்ளே வான்மதியும் கதவுக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டே இருந்தாள்.

முகாம் முடிந்த காலையில் மற்ற குடில்களில் பிள்ளைகள் மூட்டை கட்டி பஸ் ஏறினார்கள். சுதாகர் மதுரையில் விமானம் இறங்கி டாக்ஸியில் வந்துகொண்டிருக்கிறேன், மலையடிவாரம் தாண்டிவிட்டேன் என்று போன் செய்திருந்தான். ஆறாம் குடில் அன்று யார் பேச்சும் கேட்காமல் மலைப்பாதையில் இறங்கி நடுரோட்டில் போய்க்கொண்டிருந்தது. பின்னால் பிள்ளைகள் பஸ், டிரைவர் ஹாரனில் கையை வைத்தபடி ஊர்ந்துகொண்டிருந்தார். வான்மதி மகளுக்கு ஒரு வாய் காபி கொடுத்து அனுப்பலாம் என்று அடுப்பில் பாலை வைத்திருந்தாள். சஹானா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், வந்த அன்று அதை இறக்காமல் நின்றதுபோலவே.

"நான் போகட்டுமாம்மா?"

"உன் இஷ்டம்டா."

சஹானா சிரிக்கவில்லை, அழவும் இல்லை. "எல்லா வீட்டுலயும் இதையேதான் சொன்ன. இந்த ரூம் வேணுமா அந்த ரூம் வேணுமா, உன் இஷ்டம். ஹாஸ்டல் போறியா, உன் இஷ்டம். எனக்கு என்ன இஷ்டம்னு எனக்கு எப்படிம்மா தெரியும்? நீ ஒரு பெட்டியைக்கூடத் திறந்து வெச்சதில்ல."

வளைவில் டாக்ஸி தெரிந்தது. முன்னால் டாக்ஸி, பின்னால் பஸ், நடுவில் குடில், இரண்டு பக்கமும் ஹாரன். வான்மதிக்குக் காது அடைத்துப்போயிற்று. இத்தனை நாள் விரதம், நியாயம் என்று நினைத்துக்கொண்டிருந்ததெல்லாம் வெறும் பயம் என்று அவளுக்கு அந்த இடத்தில் தெரிந்தது, பிடித்து வைத்தால் போய்விடுவார்களோ என்கிற பயத்தில் எதையுமே பிடிக்காமல் இருந்திருக்கிறாள்.

"போகாத," என்றாள். குரல் அவளுடையதுபோலவே இல்லை. "எனக்கு நீ வேணும் சஹானா. எங்கிட்டயே இருந்துடு."

"எத்தன நாளைக்கு?"

பால் காய்ச்சுகிறவரிடம் அந்த மலையில் எல்லாரும் கேட்கிற கேள்விதான் அது. வான்மதி வாயைத் திறந்தாள். பத்து நாள் என்று வரவில்லை, பதினோரு மாசம் என்று வரவில்லை, படிப்பு முடிகிறவரை என்றுகூட வரவில்லை, எந்தக் கணக்கும் நாக்கில் ஏறவில்லை. மகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள், கண்ணில் தண்ணீர் வழிந்தது, அடுப்பில் பால் உஸ்ஸென்று எழும்பி, சட்டி விளிம்பைத் தாண்டி, நாலா பக்கமும் வழிந்து அடுப்பை அணைத்தது.

குடில் நின்றது. சஹானா பையை இறக்கி வைத்தாள்.

அது நின்ற இடத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள், சரியாக நடுரோடு. பஸ் டிரைவர் இறங்கி வந்து பார்த்தார், அடித்தளத்தைக் காலால் ஒரு தட்டுத் தட்டினார், இது இனி நகராது என்று அவருக்கே புரிந்துவிட்டது, ஏறி உட்கார்ந்து வண்டியைப் பக்கத்துத் தரிசில் இறக்கிச் சுற்றிக்கொண்டு போனார், பிள்ளைகள் ஜன்னலில் தொங்கிக்கொண்டு கையாட்டினார்கள். சுதாகர் டாக்ஸியை விட்டு இறங்கி நடந்தே வந்தான். ரோட்டுக்கு நடுவில் ஏன் வீடு என்று அவன் கேட்கவில்லை. மகளைத்தான் கேட்டான், அவள் அம்மாவோடு இருக்கிறேன் என்றாள், லீவுக்கு வருகிறேன் அப்பா என்றும் சொன்னாள். சட்டியில் மிஞ்சிய பாலில் வான்மதி காபி போட்டாள், மூன்று பேருக்கும் கொஞ்சம் கொஞ்சம் வந்தது. அவனுக்கு மனசு கனத்துத்தான் போயிற்று, அதை மறைக்காமல் மகள் தலையைத் தடவிக்கொண்டே குடித்துவிட்டு, கொண்டுவந்த சாக்லேட் டப்பாவை வைத்துவிட்டுப் போனான். டாக்ஸியும் பஸ் போட்ட தடத்திலேயே சுற்றிப் போயிற்று.

பிறகு எல்லா வண்டியும் அப்படியே சுற்றிப் போய்ப் போய் அந்தத் தடமே ரோடாகிவிட்டது. அடுத்த வருஷம் தார் போட வந்தவர்கள் குடிலைப் பார்த்தார்கள், ரோலரைத் தரிசுப் பக்கம் திருப்பினார்கள், வளைவு என்று ஒரு பலகை நட்டார்கள். கண்டக்டர் இப்போது அந்த நிறுத்தத்துக்கு "பால்குடில்" என்று குரல் கொடுக்கிறார். மற்ற ஐந்து குடில்களும் கோடை வந்தால் பிள்ளைகளோடு நிற்கும், பிள்ளைகள் போனதும் ஆடுகளை மேய்க்கப் போய்விடும். வான்மதி அட்டைப்பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள், ஒன்றில் சஹானாவின் பால்புட்டி இருந்தது, ஒன்றில் பழைய வாடகை வீடுகள் ஆறின் மாற்றுச் சாவிகள் இருந்தன. சஹானா அந்த நிறுத்தத்திலேயே பஸ் ஏறிக் கீழூர்ப் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புக்குப் போனாள்.

குடில் நின்ற மாதிரியில் அந்தப் பெரிய ஜன்னல் மலையை வெட்டிய பாறைப்பக்கம் திரும்பிவிட்டிருந்தது. திறந்தால் பாறை, காலையில் பாறை, சாயங்காலம் பாறை, மழை பெய்தால் நனைந்த பாறை. மகள் கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்றாகிவிட்டதே என்று வான்மதிக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. ஒருநாள் வரைபடத் தாளை விரித்து, இந்த ஜன்னலை அடைத்துவிட்டுப் பள்ளத்தாக்குப் பக்கம் ஒன்று வைத்துவிடலாமா என்று கேட்டாள், உன் இஷ்டம் என்று சொல்ல வந்ததை முழுங்கிவிட்டு, "எனக்கு வெக்கணும்னு இருக்கு, உனக்கு?" என்றாள்.

சஹானா ஜன்னலோரக் கட்டிலில் குப்புறப் படுத்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கிப் பாறையை ஒரு தடவை பார்த்தாள்.

"இது இருக்கட்டும்மா," என்றாள், அடுத்த கணக்கைப் போட ஆரம்பித்தாள்.